பெரட்டில் பதில் சொன்ன மரம்

மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், செத்துப்போன நிஷாந்தினியின் பெயருக்கு, வேலைக்கு வந்தவர்களைக் கணக்கெடுக்கிற பெரட்டுக்களத்து மரம் பதில் சொல்லத் தொடங்கியது ஒரு திங்கட்கிழமை காலையில். அன்று மழை இல்லை, கொழுந்து சுமார்தான்.

அந்த மரத்துக்குப் பெயருக்கு ஒன்றும் பஞ்சமில்லை. நட்ட வெள்ளைக்காரத் துரை பிளேன் என்றாராம். பங்களாவுக்கு விருந்து வந்த அமெரிக்கர் சிக்கமோர் என்றாராம். சிக்கமோர் வேறு மரம் என்று துரை பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனாராம். பட்டை பட்டையாகத் தோல் கழற்றுவதால் லயத்து வரிசைவீட்டுச் சனத்துக்கு அது சட்டையுரிச்சான். மரமோ எந்தப் பெயருக்கும் அசைந்து கொடுத்ததில்லை.

நிஷாந்தினி மலையில் கொழுந்தெடுக்கும்போது குளவி கொட்டி, பதுளை ஆஸ்பத்திரிக்குப் போகிற பாதி வழியில், லொறியிலேயே அம்மா மடியில் போய்விட்டாள். அடக்கம் முடிந்த மறுநாள் பெரட்டில் பெயர் கூப்பிட்ட கங்காணி ஜீவராஜ், நாக்குப் பழக்கத்தில் அவளையும் கூப்பிட்டுவிட்டார். அவர் வாயைப் பொத்துவதற்குள் மரத்திலிருந்து கையகலப் பட்டை ஒன்று கழன்று, அவள் வழக்கமாக நிற்கிற இடத்தில் விழுந்தது.

"அவ இருக்கா" என்றாள் தாய் இராக்கம்மா. "நாளைக்கும் கூப்பிடுங்கண்ணே."

தினமும் கூப்பிட்டார். தினமும் ஒரு பட்டை விழுந்தது. இராக்கம்மா அதைக் கொழுந்துக் கூடைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டு மலைக்குப் போனாள். விழச் சற்றுத் தாமதமானால், "புள்ள இன்னைக்கும் பிந்திருச்சு" என்று பெண்கள் கேலி பேசுமளவுக்குப் பழகிப்போயிற்று.

கார்த்திகையில் மரத்தில் தோலே மிச்சமில்லை. காற்றில்லாத தூறலில் அது வெடவெடவென்று நடுங்கியது. இராக்கம்மா மகளின் கம்பளியை எடுத்துவந்து அதற்குச் சுற்றிக் கட்டினாள். மறுநாள் பெயர் கூப்பிட்டபோது, கொடுக்கப் பட்டையில்லாமல், மரம் தன் உடம்பையே பிளந்து ஈரமான சிராய் ஒன்றைப் போட்டது.

"போதும்ண்ணே. கூப்பிட்டா அவ வராம இருக்கமாட்டா. இனிக் கூப்பிடாதீங்க." அடக்கத்தன்றுகூட அழாத இராக்கம்மா அந்த ஈரச் சிராயை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள்.

இப்போது மரத்தில் பட்டை கட்டியிருக்கிறது. கம்பளியும் இருக்கிறது. பெரட்டில் அந்தப் பெயருக்கான இடம் வந்ததும் ஜீவராஜ் ஒரு மூச்சு நேரம் நிறுத்துகிறார். பெயர் வாய்தவறி வந்துவிடாமல் இராக்கம்மா சேலைத் தலைப்பைக் கடித்துக்கொள்கிறாள். பிறகு அவர் அடுத்த பெயரைக் கூப்பிடுகிறார்.