மகிமையாம் மகிமை

எங்கள் வீட்டில் பெற்றவள்தான் பிள்ளைக்குப் பெயர் வைப்பாள், அதுவும் வேதாகமத்திலிருந்து. ஞாயிற்றுக்கிழமை சபையில் அவள் வாயால் சொல்லிவிட்டால் சொன்னதுதான். பிறகு அப்பன் தாத்தன் யாரும் மாற்ற முடியாது. அதனால்தான், பிரசவ வார்டில் சுவரைப் பார்த்துப் படுத்தபடியே என் தங்கை, ஜெபம் பண்ண வந்த போதகரிடம், "இக்கபோத்னு வைக்கப் போறேன், ஐயா" என்றதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

போதகர் தொண்டையைச் செருமினார். "அது ஆசாரியர் ஏலியோட மருமக சாகும்போது தன் பிள்ளைக்கு வச்ச பேரும்மா. கடவுளோட உடன்படிக்கைப் பெட்டியை எதிரிங்க தூக்கிட்டுப் போயிட்டாங்க. மாமனாரும் புருஷனும் செத்துட்டாங்க. மகிமை போயிடுச்சுன்னு அர்த்தம்."

"தெரியும். என் மகிமையும் போயிடுச்சு."

மகிமையாம்! போன வாரம், நிறைமாத வயிற்றைத் தள்ளிக்கொண்டு அவள் எங்கள் பேக்கரியில் ரொட்டி அடுக்கிக்கொண்டிருந்தபோது, மாவு மூட்டை எடுத்துவரக் கடை வேனில் போனவன்தான் அவள் புருஷன். 'என்னைத் தேடாதே' என்று போனில் ஒரு வரி வந்தது. வேன்கூடத் திரும்பி வரவில்லை.

"அந்தத் தடியனா உனக்கு மகிமை?" என்று கத்தினேன். "குடிச்ச டம்ளரைக் கழுவி வைக்கத் துப்பில்லாதவன்! அடுப்புல ரொட்டி கருகினாலும் தலை நிமிராம போனை நோண்டுறவன்! அவன் ஓடிப்போனதை இந்தப் பச்சை மண்ணு பேரா சுமக்கணுமா?"

பக்கத்துக் கட்டில்காரி எட்டிப் பார்த்தாள். பார்க்கட்டும்.

"ஐயா, அந்தப் பெட்டி கடைசியில என்னாச்சு? சொல்லுங்க."

"திரும்பி வந்துடுச்சும்மா. சில மாசத்துலயே."

"கேட்டியாடி? பெட்டி வந்துடுச்சு. அந்தப் பையன் பேரு மாறுச்சா? மீசை முளைச்ச பிறகும் 'ஏ மகிமை போச்சு, சாப்பிட வா'ன்னுதானே கூப்பிட்டிருப்பாங்க! அவ பாவம், சாகப்போற நேரத்துல வச்சா. ஆம்பளப் பிள்ளைன்னு பக்கத்துல இருந்தவங்க சொன்னதுக்குக்கூட வாயைத் திறக்கல. நீ உசிரோட இருக்கேடி! உனக்கென்ன கேடு?"

என் சத்தத்தில் தொட்டிலில் கிடந்த பிள்ளை வீறிட்டான். தங்கை சட்டென்று எழுந்து உட்கார்ந்தாள். முகமெல்லாம் சிவந்திருந்தது.

"கத்தாதக்கா! அவன்மேல இருக்கற கோபத்தை எதுக்கு எம்பிள்ளை தலையில கொட்டற? அந்த நாய் திரும்பி வந்தா நான் பாத்துக்கறேன்!"

எம்பிள்ளை என்றாள். பிறந்ததிலிருந்து அவள் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. பால் கொடுக்கும்போதுகூட நர்ஸ் கொண்டுவந்து வைப்பாள். இவள் கண்ணை மூடிக்கொள்வாள். நான் பிள்ளையைத் தூக்கி அவள் மடியில் கிடத்தினேன். அவள் துணியை விலக்கி நெற்றியைப் பார்த்தாள், மூக்கைப் பார்த்தாள், மூடியிருந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தாள். எனக்குத்தான் கண் கலங்கித் தொலைத்தது.

போதகர் மெல்லக் கேட்டார். "அப்போ ஞாயித்துக்கிழமைக்கு என்ன பேரும்மா?"

"கொஞ்சம் இருங்க ஐயா," என்றாள் தங்கை, தலை நிமிராமல். "இப்பத்தானே இவனைப் பாக்கறேன்."