குழந்தை பிடிக்காதவன்

மாவ்லினும் ஷியெனும் விவாகரத்து வாங்கப் போன அன்று ஒரே ஸ்கூட்டரில் போனார்கள். திரும்பும்போதும் அதே ஸ்கூட்டர்தான். வழியில் பால்மீன் கஞ்சிக் கடையில் நிறுத்திச் சாப்பிட்டார்கள். ஷியென் முள்ளை எடுத்துக் கிண்ணத்தின் ஓரத்தில் வைக்க, அதில் ஒட்டியிருந்த சதையை மாவ்லின் வழக்கம்போல எடுத்துத் தின்றான். பிரிந்தவர்கள் செய்கிற காரியம் இல்லைதான். ஆனால் பிரிந்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை, பழக வேண்டாமா?

குடும்பப் பதிவு அலுவலகத்துப் பெண் நல்ல மாதிரி. முத்திரையைக் கையில் வைத்துக்கொண்டே, "இன்னொரு தடவ யோசிச்சுப் பாருங்களேன். சண்டை எந்த வீட்லதான் இல்ல?" என்றாள். ஷியென் தலையைக் குனிந்துகொண்டான். துக்கம் தாளவில்லை என்று அவள் நினைத்தாள். சிரிப்பு தாளவில்லை என்று மாவ்லினுக்குத் தெரியும்.

விவாகரத்துக்கு இரண்டு சாட்சிக் கையெழுத்து வேண்டும். ஒன்று ஷியெனின் அக்கா. இன்னொன்று மாவ்லினின் அம்மா. அக்கா உடனே போட்டுவிட்டாள். அம்மாதான் பேனாவைத் தொட மாட்டேன் என்றாள்.

"டேய், ரெண்டு வருஷமா தெருவுல ஒவ்வொருத்திகிட்டயும் நின்னு, 'என் பையனுக்குக் கல்யாணம் ஆயிடுச்சு, மாப்பிள்ளை ஆஸ்பத்திரியில மருந்து குடுக்கிறவரு'ன்னு சொல்லிப் பழகியிருக்கேன். மொத தடவ சொல்றப்ப நாக்கே எழும்பல. இப்பதான் சரளமா வருது. இப்பப் போய் டைவர்ஸ்னு சொல்லணுமா?"

"சும்மா பேருக்குத்தான்மா."

"நம்ம குடும்பத்துல டைவர்ஸே கிடையாதுடா!"

"நம்ம குடும்பத்துல மாப்பிள்ளைய கட்டின ஆம்பளையும்தான் கிடையாது."

"வாயி, வாயி. இந்த வாயப் பாத்தா அந்தப் புள்ள ஓடிடும்" என்று சொல்லிக்கொண்டே கையெழுத்துப் போட்டாள். அவள் 'அந்தப் புள்ள' என்றது இன்னும் வராத குழந்தையை.

சிக்கல் சட்டத்தில் இருந்தது. இரண்டு ஆண்கள் கல்யாணம் செய்துகொள்ளலாம் என்று தைவானில் சட்டம் வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. வந்த வாரமே வரிசையில் நின்று பண்ணிக்கொண்டவர்கள் இவர்கள். ஒருவன் பெற்ற பிள்ளையை மற்றவன் தத்தெடுக்கலாம் என்றது சட்டம். இருவருமே பெறாத பிள்ளையைப் பற்றி வாய் திறக்கவில்லை. இரண்டு ஆண்கள் சேர்ந்தால் எப்படியாவது ஒன்றைப் பெற்றுவிடுவார்கள் என்று நம்பியதுபோல. ஆனால் கல்யாணம் ஆகாத தனி ஆள் விண்ணப்பிக்கலாம். வீடு, சம்பளம், சமைக்கத் தெரிந்த இரண்டு பேர் என்றால் பிள்ளை கிடையாது. அதில் ஒரு ஆளைக் கழித்துவிட்டால் உண்டு.

முதலில் வெளிநாடு போகலாம் என்றுதான் யோசித்தார்கள். ஷியென் ஒரு உலக வரைபடம் வாங்கி, முடியும் நாடுகளுக்குப் பச்சை அடித்தான். ஸ்பெயின் பச்சை. கனடா பச்சை. அங்கெல்லாம் முதலில் போய்க் குடியிருக்க வேண்டும், வேலை வேண்டும், மொழி வேண்டும். பக்கத்தில் ஜப்பானில் கல்யாணமே இல்லை.

"கல்யாணம் இல்லாத ஊர்ல குழந்தை இல்ல. சரி, புரியுது" என்றான் ஷியென். "நம்ம ஊர்ல கல்யாணம் ஆனதாலயே குழந்தை இல்ல. பெருமையா இருக்குடா."

யார் தனி ஆளாக நிற்பது என்பதில் விவாதமே வரவில்லை. ஷியெனுக்கு மாதச் சம்பளம். மாவ்லினுக்கு ஓட்டுநர் பள்ளியில் வேலை. எத்தனை பேர் தேறுகிறார்களோ அத்தனை பேருக்குக் காசு. காலடியில் தனக்கென்று ஒரு பிரேக்கை வைத்துக்கொண்டு, அடுத்தவர் ஓட்டும் வண்டியில் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பான். ஆனால் ஆசை முதலில் அவனுடையது. கல்யாண விருந்தில் மீன் வந்தபோது, "நமக்கு ஒரு பையன் இருந்தா இந்த மீன் கண்ணை அவனுக்குக் குடுக்கலாம்" என்று ஷியெனின் காதில் சொன்னான். "மொதல்ல எனக்குக் குடு" என்றான் ஷியென். அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு இவ்வளவு தூரம் வந்தாயிற்று.

மாவ்லின் தைனான் நகரத்தின் மறுகோடியில், ஒரு மாடியின் மேல் தகரக் கூரை போட்ட அறைக்குக் குடிபோனான். எல்லாம் முடிந்ததும் திரும்பி வந்துவிடலாம் என்பதால் பாதி சாமானைத்தான் எடுத்துப்போனான். ஒரு ஜோடிச் செருப்பில் ஒன்று அங்கேயே தங்கிவிட்டது. ஒற்றை ஆளுக்குச் சமைக்கக் கற்றுக்கொண்டான். முழு முட்டைகோஸ் வாங்கினால் அதோடு ஒரு வாரம் குடித்தனம் நடத்த வேண்டியிருந்தது.

தத்து நிறுவனத்திலிருந்து மாவ்லினுக்குப் போன் வரும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. "முன்னாள் கணவர்தானே? நான் சமூகப் பணியாளர் ஃபாங். உங்ககிட்டயும் கொஞ்சம் பேசணும். விவாகரத்து ஆனவர்னா அந்தப் பக்கமும் கேக்கிறது எங்க வழக்கம்."

அன்று மாலை இருவரும் போனும் கையுமாக உட்கார்ந்து, பிரிந்ததற்குக் காரணம் தேடினார்கள்.

"நான் குறட்டை விடுறேன்னு சொல்லு" என்றான் ஷியென்.

"குழந்தையோட தூக்கம் கெடும்னு எழுதிக்குவாங்கடா."

"கஞ்சன்னு சொல்லு."

"பால் பவுடர் வாங்க மாட்டான்னு எழுதுவாங்க."

"அப்ப உன்மேல போட்டுக்க. உனக்கு வேற ஆளு இருக்குன்னு சொல்லு."

"யாரு அது?"

"அதையும் நானே தேடித் தரணுமா?"

கடைசியில், 'ஒத்துவரவில்லை' என்று முடிவானது. உலகத்தில் பாதிப்பேர் அதைச் சொல்லித்தான் பிரிகிறார்கள், ஏன் என்று யாரும் கேட்பதில்லை என்றான் ஷியென்.

ஃபாங் மேடம் கேட்டார். ஐம்பது வயதிருக்கும், தட்டையான காலணி, பொறுமையான கண்கள். குழந்தைகளுக்கான அறை என்பதால் நாற்காலி முழங்கால் உயரம்தான். மாவ்லின் அதில் மடங்கி உட்கார்ந்தான். முகக்கவசம் இருந்தது நல்லதாகப் போயிற்று. பொய் சொல்பவர்களுக்கு அந்த வருடம் அரசாங்கம் செய்த ஒரே உதவி அது.

"கோபக்காரரா?"

"இல்ல மேடம். கோபம் வந்தா பாத்திரம் தேய்ப்பான்."

"குடி?"

"ஒரு பீர்ல தூங்கிடுவான்."

"உங்களுக்கு உடம்பு முடியாதப்ப பாத்துக்கிட்டாரா?"

"ராத்திரி பூரா முழிச்சிருப்பான். நான் மூச்சு விடுறேனான்னு மூக்குகிட்ட விரல் வச்சுப் பாப்பான். அதுலயே எனக்கு முழிப்பு வந்துடும்."

ஃபாங் மேடம் பேனாவைக் கீழே வைத்தார்.

"மாவ்லின் சார், நான் இந்த வேலையில நிறைய முன்னாள் புருஷங்களப் பாத்திருக்கேன். யாரும் இப்படிப் பேசினதில்ல. ஒண்ணு நீங்க அவருக்குப் பயப்படணும். இல்ல நீங்க பிரியவே இல்லாம இருக்கணும். பொய்க் கணக்குல ஒரு குழந்தைய நான் அனுப்ப முடியாது. இவ்வளவு நல்லவரை ஏன் விட்டீங்க?"

'ஒத்துவரவில்லை' என்பது நாக்கு வரைக்கும் வந்து, இவ்வளவு புகழ்ந்த பிறகு வெளியே வர வெட்கப்பட்டு நின்றுவிட்டது. கதவு திறந்தது. அங்கே தங்கியிருந்த குழந்தைகளில் ஒன்று, மூன்று வயதிருக்கும், ஒரு பிளாஸ்டிக் காரோடு உள்ளே வந்தது. யாரையும் கேட்காமல் மாவ்லினின் ஷூவிலிருந்து முழங்கால் வரை காரை ஏற்றி, பின்னோக்கி எடுத்துத் தொடைமேல் நிறுத்தப் பார்த்தது. வளைவு தப்பியது. கார் விழப்போன கணத்தில் மாவ்லினின் வலது கால், இல்லாத பிரேக்கை அமுக்கியது. கையை மட்டும் அசையாமல் வைத்துக்கொண்டான்.

"அவனுக்குக் குழந்தை வேணும்" என்றான். "எனக்கு வேண்டாம்."

ஃபாங் மேடம் அவனைப் பார்த்தார். அவன் தொடைமேல் சரிந்து கிடந்த காரையும், அதைத் தொடாத கையையும் பார்த்தார்.

"வேண்டாமா, பிடிக்காதா?"

"பிடிக்காது."

அவர் பேனாவை எடுத்தார். அவருக்கு இப்போது எல்லாம் பொருந்தியது. நல்லவன் ஒருவன், பிள்ளை ஆசை, அதற்காக ஒரு கல்யாணத்தையே விட்டிருக்கிறான். குழந்தையை மெல்லத் தள்ளிக்கொண்டு வெளியே விட்டு வந்து, "மறைக்காம சொன்னதுக்கு நன்றி" என்றார். கொஞ்சம் இரக்கத்தோடுதான் சொன்னார்.

அனுமதி சீக்கிரமே வந்தது. ஒன்றேகால் வயதில் லேலே வந்தான். பெரிய தலை, நடக்கும்போது அதை எங்கே வைப்பது என்று தெரியாத நடை. நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லும்வரை சேர்ந்திருந்து பழகும் காலம். மாலை நேரத்தில் சத்தமில்லாமல் வந்துபோகலாம் என்று மாவ்லின் நினைத்திருந்தான். லேலேயைக் கொண்டுவந்து விட்ட அன்றே ஃபாங் மேடம் ஷியெனிடம் சொல்லிவிட்டார்: "உங்க முன்னாள் துணை ரொம்ப நேர்மையா பேசினாரு. ஆனா குழந்தையப் பிடிக்காதவர் அவன் முன்னாடி வந்து போறது வேண்டாம். இவன் ஏற்கெனவே ரெண்டு வீடு மாறினவன். யாரு வந்தாலும் ஒட்டிக்குவான், போனா உடைஞ்சிடுவான். நான் சொல்லாமதான் வருவேன், தப்பா நெனைக்காதீங்க."

தப்பாக நினைக்க அதில் ஒன்றும் இல்லை. மாவ்லினுக்கே அது சரியான யோசனையாகப் பட்டது, அதுதான் கஷ்டம்.

அவனுடைய அம்மாவுக்கு எந்தத் தடையும் இல்லை. வாரம் தவறாமல் கோழி சூப்போடு போனாள். "எனக்கென்னடா? நான் மாப்பிள்ளைய டைவர்ஸ் பண்ணல" என்றாள். ஃபாங் மேடம் ஒருமுறை அங்கே அவளைப் பார்த்து, பக்கத்து வீட்டுக்காரி என்று எழுதிக்கொண்டு போனாராம். திரும்பும் வழியில் மகனின் மாடியேறி வந்து, பையன் எந்தப் பல் முளைத்தான், எதைத் துப்பினான் என்று ஒப்பிப்பாள். "உன்ன மாதிரியே காளான் தின்ன மாட்டேங்கறான்டா" என்பாள். ரத்தத்தில் வர வழியில்லாத குணம். இருந்தாலும் மாவ்லின் அந்த வாரம் முழுக்க அதை நினைத்துக்கொண்டு காளான் தின்னாமல் இருந்தான்.

மற்றபடி போன்தான். லேலேயைக் குளிப்பாட்டித் துடைத்ததும் ஷியென் வீடியோவில் கூப்பிடுவான். மாவ்லினை என்னவென்று கூப்பிடுவது என்பதில் குழப்பம். இரண்டு அப்பா என்று பையன் ஃபாங் மேடத்திடம் உளறிவிட்டால் கதை கந்தல். வெறும் 'மாவ்' என்று பழக்கினார்கள். மாவ் கரடிபோல் உறுமினான், தலைகீழாகத் தொங்கினான், முட்டைகோஸைத் தலையில் வைத்துக்கொண்டு ஆடினான். லேலே திரையை நக்கினான். கொஞ்ச நாளில் போனுக்கே மாவ் என்று பெயர் வைத்துவிட்டான். ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்பு வந்தாலும், "மாவ்!" என்று ஓடிவந்து, வேறு குரல் கேட்டதும் முகம் சுருங்கினான்.

"உன்னத்தான் தேடுறான்டா" என்பான் ஷியென்.

"போனத் தேடுறான்" என்பான் மாவ்லின்.

தீர்ப்பு ஒரு வியாழக்கிழமை வந்தது. மாவ்லின் வகுப்பில் இருந்தான். பக்கத்தில் ஒரு அம்மாள் S வளைவில் பின்னோக்கி எடுத்துக்கொண்டிருந்தார். ஷியெனின் செய்தியைப் படித்ததும் அவன் பிரேக்கை மிதித்துவிட்டான். "நான் சரியாத்தான சார் போனேன்?" என்று அந்த அம்மாள் கோபித்துக்கொண்டார். "சரியாத்தான் போனீங்க" என்றான்.

அன்று மாலை முதல்முறையாகத் தன் பழைய வீட்டின் படியேறினான். ஃபாங் மேடம் இன்னும் சில முறை வருவார், ஆனால் இனிமேல் சொல்லிவிட்டு, பகலில்தான் வருவார். கல்யாணத்தை அதற்குப் பிறகு மறுபடி பதிந்துகொள்ளலாம். பதிந்தாலும், லேலே ஷியென் பெற்ற பிள்ளை இல்லை என்பதால், சட்டப்படி லேலேவுக்கு மாவ்லின் யாரும் இல்லை என்பது இரண்டு பேருக்கும் தெரியும். இன்றைக்கு அதைப் பேச வேண்டாம் என்று இரண்டு பேரும் தனித்தனியாக முடிவுசெய்திருந்தார்கள்.

ஷியென் கதவைத் திறந்தான். அவன் காலுக்குப் பின்னாலிருந்து பெரிய தலை எட்டிப்பார்த்தது.

"லேலே, யாரு வந்திருக்கான்னு பாரு. மாவ்!"

மாவ்லின் உறுமினான். திரையில் இந்த உறுமலுக்குப் பையன் வயிறு குலுங்கச் சிரிப்பான். இங்கே உறுமல் மாடிப்படி முழுக்க எதிரொலித்து, ஆறடி உயரத்திலிருந்து வந்தது. லேலேயின் உதடு பிதுங்கியது. பிறகு வீடே அதிரும்படி அழுதான். ஷியென் தூக்கிக்கொண்டு, "மாவ்டா, நம்ம மாவ்" என்று முதுகைத் தட்டினான். லேலே அவன் சட்டைப் பையிலிருந்த போனைப் பிடுங்கி, இருண்ட திரையைத் தட்டினான்.

"மாவ்" என்றான் அழுகைக்கு நடுவில், அதனிடம் முறையிடுவதுபோல.

"பழகிடுவான்டா. உள்ள வா" என்றான் ஷியென்.

"இரு."

மாவ்லின் பாதிப் படி இறங்கி, திருப்பத்தில் மறைவாக உட்கார்ந்தான். போனை எடுத்து வீடியோவில் கூப்பிட்டான். மேலே மணியடித்தது. கைக்குள் அடங்கும் சதுரத்தில் ஈரமான முகம் ஒன்று வந்து, அவனைப் பார்த்ததும் பளிச்சென்று மாறியது.

"மாவ்!" என்றது போன். "மாவ்!" என்றது மாடி.

தலையில் வைத்து ஆட இன்று முட்டைகோஸ் இல்லை. ஷூவைக் கழற்றித் தலைமேல் வைத்துக்கொண்டு மாவ்லின் மெதுவாக ஆடினான். எதிர்வீட்டுக்காரர் காய்கறிப் பையோடு ஏறி வந்தார். அவனையும் ஷூவையும் பார்த்து, சுவரோரமாக ஒதுங்கி மேலேறி, தன் கதவைத் திறந்து உள்ளே போனார். மேலே பையன் சிரித்துக்கொண்டே இருந்தான்.