தறிச் சத்தத்துக்குள் இருமல்

விடிவதற்கு முன்பே முசரவாக்கம் தறிக்கொட்டகையில் இழையை நெருக்கும் பலகை அடிக்கத் தொடங்கிவிடும். தறிக்குழிக்குள் தொங்கும் கால்கள் மரத்துப்போகும். பட்டிழை அறுத்த விரலில் வியர்வை எரியும்.

காசநோய்க்கு மாத்திரையெல்லாம் தின்று முடித்து, குணமாகி, அன்றைக்குத்தான் சுகாசினி வேலைக்குத் திரும்பியிருந்தாள். அகலக் கரைச் சேலையை ஒற்றை ஆளாக நெய்ய முடியாது. கரைக்கு ஊடிழை ஓட்டும் நாடாவைத் தள்ள இன்னொருவர் பக்கத்தில் உட்கார வேண்டும். அந்த இடம் காலியாகக் கிடந்தது. முன்பு அங்கே உட்கார்ந்தவள் எல்லம்மாள். பலகை விழும் சத்தத்தில் இருமலை ஒளித்து ஒளித்தே வேலை செய்தாள். அப்படியே செத்தும் போனாள். எந்தத் தறி அடித்தாலும் சுகாசினிக்கு அந்த இருமல்தான் கேட்டது.

"கரை தள்ள யாராச்சும் வரீங்களா?" என்று கேட்டாள் சுகாசினி.

யாரும் தலை தூக்கவில்லை. முதலாளி ராஜகோபால்தான் வந்தார்.

"யாரும்மா உன் பக்கத்துல உக்காருவாங்க? சீக்குக்காரி நெய்ஞ்ச சேலைன்னு தெரிஞ்சா எந்தப் பொண்ணு முகூர்த்தத்துக்குக் கட்டும்? வூட்டுக்குப் போ."

"ரெண்டு வார்த்தை பேசிட்டுப் போறேங்க."

"மேடை போட்டுத் தரட்டுமா?"

அவள் குழியிலிருந்து ஏறி நடுவில் நின்றாள். கல்யாண வீட்டில்கூட நாலு பேர் முன்னால் வாய் திறக்காதவள்.

"எனக்கு டிபி வந்துச்சு. மாத்திரையில போயிடுச்சு. என் நாடாவத் தொட்டா ஒட்டாது, சேலையில ஒட்டாது. மருந்து தின்னாம இருமிக்கினே இருந்தா காத்துல பரவும். எல்லம்மாக்கா சீக்கால மட்டும் சாவல. சொன்னா வேல போயிடும்னு மறைச்சே செத்துச்சு. இப்பவும் பலகை சத்தத்துல யாரு ஒளிஞ்சிக்கினு இருமறீங்க?"

ஒரு தறி நின்றது. அடுத்தது நின்றது. கடைசிவரை அடித்துக்கொண்டிருந்தது நெசவாளி வீராசாமியின் தறி மட்டும். அதுவும் நின்றபோது, அவர் நெஞ்சுக்குள்ளிருந்து இருமல் வெளியே வந்தது. எல்லம்மாளின் அதே இருமல்.

"நீயுமா? எழுந்து போய்யா" என்றார் முதலாளி.

"போவாரு. நாங்களும் கூடப் போறோம், ஆஸ்பத்திரிக்கு" என்று எழுந்தான் நெசவாளி சாமுவேல். "எல்லாரும் சளி குடுத்து சோதிச்சுப் பாத்துக்கறோம். குணமானா இவரு தறி இவருக்குத்தான். சுகாசினி பக்கத்துல நான் உக்காருவேன்."

"வேற ஆளக் கொண்டாருவேன்."

"கொண்டாங்க" என்றாள் சுகாசினி. "அவங்ககிட்டயும் இதையே பேசறோம்."

எல்லோரும் கொட்டகையை விட்டுக் கிளம்பினார்கள். தெருவில் வீராசாமி துண்டால் வாயை மூடிக்கொண்டு இருமினார், எல்லோருக்கும் கேட்கும்படி. யாரும் அவரை விட்டுப் போகவில்லை.

ஆளில்லாத கொட்டகையில் ஒரு பலகை அடித்ததுபோல் இருந்தது. சுகாசினி நின்று காது கொடுத்தாள். அதில் எல்லம்மாளின் இருமல் கேட்கவில்லை.