நட்சத்திரம் தந்த இரும்பு

தேயிலைத் தொழிற்சாலையில் இரவு அடுப்பு வேலை முடிந்து விடியற்காலையில் வீட்டுக்கு வந்ததும், முகம் கழுவுவதற்கு முன்பே அழகமுத்து கேத்தலை அடுப்பில் வைத்துவிடுவார். தண்ணீர் கொதித்ததும் ஒரு கரண்டி தேயிலைத் தூளைப் போட்டு, சாயம் கறுக்க இறங்கும்வரை பொறுத்து, கோப்பையில் ஊற்றுவார். பிறகு இரும்புக் குளிசை ஒன்றை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு மகளின் பாயருகே போய் நிற்பார்.

"எழும்பு புள்ள. மருந்தப் போட்டுட்டு அப்புறம் படு."

சர்மிளா முகத்தைச் சுளித்துக்கொண்டே எழுந்து உட்காருவாள். அவளுக்கு ஆறாம் மாதம். குளிசையைப் போட்டால் துருப்பிடித்த ஆணியைச் சப்பின மாதிரி இருக்கிறது என்பாள். அவள் விழுங்கி, தேநீரைக் கடைசிச் சொட்டுவரை குடித்து முடிக்கும்வரை அவர் அந்த இடத்தை விட்டு அசைய மாட்டார். அவள் புருஷன் ஜெயகாந்த் கொழும்பில் ஒரு கடையில் நிற்கிறான். மாதத்துக்கு ஒரு தடவை வந்து போவான். அதனால் இந்தக் காவல் தகப்பனுடையது.

காவலுக்குக் காரணம் இருந்தது. சர்மிளாவைப் பெற்ற அன்று அவள் தாய் ராசம்மாவுக்கு உதிரம் நிற்கவில்லை. தோட்டத்து லொறியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். யட்டவத்தச் சந்தியைத் தாண்டுவதற்குள் அவள் கை குளிர்ந்துவிட்டது. ரத்தம் போதாத உடம்பு, கொஞ்சம் போனாலும் தாங்காது என்று பிறகு யாரோ சொன்னார்கள். இப்போது மகளைப் பார்த்தும் கிளினிக்கில் அதையே சொல்கிறார்கள். மருத்துவிச்சி பிரவீனா மிஸ் சர்மிளாவின் கண்ணிமையை இழுத்துப் பார்த்துவிட்டு, "வெள்ளைத் துணி மாதிரி இருக்கு" என்றதிலிருந்து அழகமுத்துவுக்குத் தூக்கம் சரியில்லை.

அந்த லயத்து வரிசை வீடுகளில் வெறும் தண்ணீர் குடிக்கும் வழக்கம் கிடையாது. ஒரு வருடம் குழாய்த் தண்ணீரால் வீட்டுக்கு வீடு மஞ்சள் காமாலை வந்தது. அதற்குப் பிறகு பச்சைத் தண்ணீர் என்றால் விஷம் மாதிரி. கொதித்த தண்ணீர் கேத்தலில் இருக்கும்போது அதில் தேயிலையைப் போடாமல் விட யாருக்கும் மனசு வராது. தாகத்துக்குத் தேநீர், பசிக்குத் தேநீர், காய்ச்சலுக்கும் தேநீர். வயிற்றுப் பிள்ளைக்காரிக்குப் பச்சைத் தண்ணீரைக் கொடுக்க அழகமுத்து என்ன பைத்தியமா?

தை மாதத்தில் ஒரு சனிக்கிழமை பொழுது சாயும் நேரம் ஸுஹைல் சேர் தோட்டத்துக்கு வந்தார். பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிப்பவர். நட்சத்திரங்களைப் பற்றி ஊர் ஊராகப் போய்ப் பேசுவது அவருக்கு ஒரு ஆசை. வேலைக்குப் போகும் பெண்கள் குழந்தைகளை விட்டுச் செல்லும் பிள்ளைக் காம்பராவில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டினார். பெரியவர்கள் வேடிக்கை பார்க்கத்தான் வந்தார்கள். அழகமுத்துவும் அப்படித்தான் வந்து கதவோரமாக நின்றார்.

"இங்க தேயில ஸ்டோர்ல அடுப்பு எரிக்கிறவர் யாரு?" என்று கேட்டார் ஸுஹைல் சேர். எல்லாரும் திரும்பி அழகமுத்துவைப் பார்த்தார்கள்.

"ஐயா, அடுப்புல சாம்பல் சேந்தா என்ன செய்வீங்க?"

"வாரிக் கொட்டுவேன் சேர்."

"ஏன், அதையே திருப்பிப் போட்டு எரிக்க ஏலாதா?"

"சாம்பல் எப்படி சேர் எரியும்? எரிஞ்சு முடிஞ்சதுதானே சாம்பல்."

"அவ்வளவுதான். இண்டைக்கு நான் சொல்லப் போறதும் அதேதான்" என்று சிரித்துவிட்டு அவர் தொடங்கினார்.

சூரியனும் ஓர் அடுப்பு. ஆனால் அதில் விறகு இல்லை. ஐதரசன் என்ற மிக லேசான வாயுவின் அணுக்கள் நடுவிலே நெருங்கி, மோதி, ஒன்றோடு ஒன்று சேர்ந்து ஹீலியம் ஆகின்றன. சேரும்போது சூடு பிறக்கிறது. நட்சத்திரத்தின் முழுப் பாரமும் எந்நேரமும் நடுவை நோக்கி அமுக்கிக்கொண்டே இருக்கும். உள்ளேயிருந்து கிளம்பும் சூடுதான் அந்தப் பாரத்தைத் தாங்கிப் பிடிக்கிறது. சூரியனைப்போல் பல மடங்கு பெரிய நட்சத்திரங்களில், ஐதரசன் தீர்ந்தால் ஹீலியம் எரியும். அது தீர்ந்தால் அதிலிருந்து வந்த காபன். அப்புறம் ஒட்சிசன். ஒரு சாம்பல் அடுத்த நெருப்புக்கு விறகாகும். கடைசியில் இரும்பு வரும். இரும்பை என்ன அமுக்கினாலும் சூடு தராது. இருக்கிற சூட்டையும் தின்றுவிடும். அதுதான் அசல் சாம்பல்.

"அப்ப என்ன நடக்கும்?" என்று யாரோ கேட்டார்கள்.

"தாங்கிப் பிடிக்க ஆளில்ல. எத்தனையோ லட்சம் வருசம் நிண்டது, கண்ணிமைக்கிறதுக்குள்ள உள்ள விழுந்துடும்."

விழுந்த வேகத்தில் வெளிப்பக்கம் வெடித்துச் சிதறும் என்றார். அந்த வெடிப்பின் சூட்டில் புதிதாக இரும்பு உண்டாகி வெளியே பறக்கும். வேறு விதமாக வெடிக்கிற நட்சத்திரங்களும் உண்டு, அவை இன்னும் கூடுதலாக இரும்பு தந்தவை. சூரியன் பிறப்பதற்கு முன்பே செத்துப்போன எத்தனையோ நட்சத்திரங்களின் தூசி மேகமாகத் திரண்டுதான் இந்தப் பூமி உண்டானது.

"இந்தக் கதவுட பிணைச்சல், நீங்க கவ்வாத்து வெட்டுற கத்தி, ஒங்கட ஒடம்புல ஓடுற ரத்தம், எல்லாத்துலயும் ஈக்கிற இரும்பு அங்கயிருந்து வந்ததுதான். அந்த இரும்பாலதான் ரத்தம் மூச்சுக் காத்தச் சுமந்துக்கிட்டுப் போகுது."

முன் வரிசையில் இருந்த சவரியம்மா விடவில்லை. கொழுந்து பறிக்கும் பெண்களில் அவள் வாய்தான் பெரிது. "அப்ப எங்க ரத்தத்த அட்டை குடிக்கிதே சேர், அதுக்குள்ளயும் நட்சத்திரமா?"

"அட்டைக்குள்ளயும்தான்."

"அதுதான் பாருங்க, அதுக்கு அம்புட்டுத் திமிரு!"

காம்பரா முழுதும் சிரித்தது. அழகமுத்து சிரிக்கவில்லை. வெளியே வந்ததும் ஸுஹைல் சேர் கிழக்கே சிவப்பாக நின்ற நட்சத்திரத்தைக் காட்டி, அதுதான் திருவாதிரை, அதுவும் ஒருநாள் வெடிக்கும், இன்னும் லட்சம் வருடம் போகலாம், நாளைக்கே நமக்குத் தெரியவும் செய்யலாம் என்றார். கூட்டம் கலைந்த பிறகு அழகமுத்து அவரிடம் போனார்.

"சேர், கிளினிக்ல வயித்துப் புள்ளக்காரங்களுக்கு ஒரு குளிசை குடுக்குறாங்க. அதுல உள்ளதும் அந்த இரும்புதானா?"

"அதேதான் ஐயா. இரும்புல ரெண்டு சாதி இல்ல."

மறுநாள் காலை குளிசையை உள்ளங்கையில் வைத்து வெகுநேரம் பார்த்தார். ஒரு நட்சத்திரம் செத்து உண்டான சாமான். எங்கிருந்தோ, எத்தனை காலமோ அலைந்து வந்து, தன் மகளுக்காக இந்தக் கையில் இருக்கிறது. இதை ஏனோதானோ என்று கொடுக்கக் கூடாது என்று தோன்றியது. பெரிய கோப்பையைத் தேடி எடுத்தார். வழக்கத்தைவிட அரைக் கரண்டி தூள் கூடப் போட்டார். சாயம் கருங்காலி மாதிரி இறங்கியது.

"என்னாப்பா இது, ஆத்துத் தண்ணி அம்புட்டையும் ஊத்தியிருக்கீங்க?"

"குடிம்மா. இது சும்மா வந்த மருந்து இல்ல."

ஒரு மாதம் அப்படியே நடந்தது.

அடுத்த கிளினிக்கில் ரத்தம் பார்த்த பிரவீனா மிஸ்ஸின் முகம் மாறியது. கூடவில்லை. போன மாதத்தைவிடக் குறைந்திருந்தது.

"உண்மையச் சொல்லு சர்மிளா. குளிசைய எங்க வீசுற? கோழிக்கா, சாக்கடைக் கானுக்கா?"

"வீசல மிஸ். சத்தியமா."

"எல்லாரும் இப்படித்தான் சொல்றீங்க. வயித்தப் பொரட்டுது, மலம் கறுப்பாப் போகுதுன்னு வீசுறது, அப்புறம் என்கிட்ட சத்தியம் பண்ணுறது. இப்படியே போனா பிரசவத்துல ஒனக்கு என்ன நடக்கும்னு தெரியுமா?"

கதவுக்கு வெளியே நின்ற அழகமுத்துவுக்குப் பொறுக்கவில்லை. ஆண்கள் உள்ளே போவது வழக்கமில்லை என்றாலும் தலையை நீட்டினார்.

"மிஸ், எம்புள்ளயப் பேசாதீங்க. நாந்தான் குடுக்குறேன். எங்கண்ணு முன்னால முழுங்குறா. ஒருநாள்கூட விடல."

"எதோட குடுக்குறீங்க?"

"தேத்தண்ணியோடதான் மிஸ். நல்ல சாயமா, ஒரு பெரிய கோப்பை நெறைய."

பிரவீனா மிஸ் பேனாவைக் கீழே வைத்தாள். திட்டப் போகிறாள் என்று நினைத்தார். அவள் குரல் இறங்கிவிட்டது.

"ஐயா, தண்ணியோடதானே குடுக்கச் சொன்னேன்."

"பச்சத்தண்ணி எப்படி மிஸ் குடுக்குறது? கொதிக்க வச்சுத்தான் தேயில போடுறேன்."

"தேயிலச் சாயம் இரும்பப் புடிச்சுக் கட்டிப் போட்டுரும் ஐயா. ஒடம்பு எடுக்குறதுக்கு முந்தியே வயித்துக்குள்ள அதக் கட்டி வெளிய தள்ளிரும். சாயம் கூடக் கூட அந்தப் புடியும் கூடும். குளிசை போட்டா முன்னயும் பின்னயும் ரெண்டு மணித்தியாலம் தேத்தண்ணிப் பக்கமே போகக் கூடாது. சோத்தோடயும் கூடாது."

அழகமுத்துவுக்கு அரைக் கரண்டி தூள் கூடப் போட்டது நினைவுக்கு வந்தது. அதற்குப் பின்னால் வேறொரு நினைவு வந்தது. அதை அவர் கூப்பிடவில்லை. அதே லயம், அதே கேத்தல் இல்லை என்றாலும் அதே மாதிரிக் கேத்தல்.

"மிஸ், இவ அம்மாவுக்கும் அப்ப குளிசை குடுத்தாங்க. அவளுக்கும் நாந்தான் காலையில..."

சர்மிளா தகப்பனைத் திரும்பிப் பார்த்தாள். பிரவீனா மிஸ் நாற்காலியை அவர் பக்கம் திருப்பினாள்.

"அத இன்னைக்கி யாராலயும் சொல்ல ஏலாது ஐயா. உதிரம் நிக்காததுக்கு நூறு காரணம் இருக்கு. அந்தப் பாதையும் லொறியும் ஒரு காரணம். தேத்தண்ணியும் ஒண்ணா இருந்திருக்கலாம், இல்லாமயும் இருந்திருக்கலாம். இல்லவே இல்லன்னு நான் சொன்னா நீங்க நம்பப் போறதில்ல. ஆமான்னு சொல்ல எனக்குத் தெரியாது. ஆனா இவளுக்கு இன்னும் நாள் இருக்கு."

திரும்பி வரும் பாதை ஏற்றம். தேயிலைச் செடிகளுக்கு நடுவே தகப்பன் முன்னால், மகள் பின்னால். பாதி வழியில் அவள் மூச்சு வாங்க நின்றாள். அவரும் நின்றார், ஆனால் திரும்பவில்லை.

"அப்பா, அம்மா தேத்தண்ணி எப்படிக் குடிப்பாங்க?"

"சீனியக் கையில வச்சு நக்கிக்கிட்டு."

"எம்புட்டுக் குடிப்பாங்க?"

"கேத்தல் காலியாகுற வரைக்கும். எனக்கு மிச்சம் வைக்க மாட்டா."

சர்மிளா சிரித்தாள். சிரிப்பிலும் மூச்சு வாங்கியது. "அப்ப நீங்க குடுக்காட்டியும் குடிச்சுத்தான் இருப்பாங்க."

அவர் தலையை ஆட்டினார். அதை அவர் ஏற்றுக்கொண்டாரா என்று அவளுக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரியவில்லை. வேலைக்குப் போய் அடுப்பில் சாம்பலை வாரும்போது கை ஓடவில்லை. ஒரு நட்சத்திரம் தன்னையே உடைத்துக்கொண்டு தந்ததை, மகளின் தொண்டைக்குக் கீழே தானே மறித்துக்கொண்டு நின்றிருக்கிறார். அதுவும் ஆசையாக.

அதற்குப் பிறகு காலையில் கொதித்த தண்ணீரை மூடி ஆறவைத்தார். தேயிலைப் பேணியை மேல் தட்டில் ஏற்றிவிட்டார். குளிசைக்கு ஆறிய தண்ணீர், பின்னால் இரும்பு உடம்பில் சேர உதவும் என்று மிஸ் சொன்ன ஒரு கொய்யாப்பழம். தலை வலிக்கிறது, தேத்தண்ணி இல்லாமல் கண் திறக்க முடியவில்லை என்று சர்மிளா முதல் வாரம் அழுதாள். அவள் அழும்போது அவரும் குடிக்கவில்லை. "தேயிலத் தோட்டத்துல பொறந்து வெறுந்தண்ணி குடிக்கிறாங்களாம் தகப்பனும் மகளும், தொரைமாரு கெட்டாங்க!" என்று சவரியம்மா கானடியில் நின்று சத்தம் போட்டாள். ஆனால் மறுவாரம் தன் மருமகளுக்கும் தண்ணீரை ஆறவைத்தாள்.

ரத்தம் ஏறியது. வேண்டிய அளவுக்கு இல்லை. ஆனால் ஏறியது.

வலி கண்டது ஒரு பகல் நேரம். மாத்தளை ஆஸ்பத்திரியில் அழகமுத்துவும் ஜெயகாந்தும் வெளியே வாங்கில் உட்கார்ந்திருந்தார்கள். பிள்ளை பிறந்துவிட்டது, பெண் என்று ஒரு தாதி வந்து சொன்னாள். ஜெயகாந்த் எழுந்து நின்றான். அழகமுத்து எழவில்லை. பிள்ளை பிறந்த செய்தி அவருக்கு ஒருமுறை முன்பும் வந்திருக்கிறது. அதற்குப் பிறகு வந்த செய்திதான் செய்தி.

அதே மாதிரி உதிரம் போனது. உள்ளே ஆட்கள் வேகமாக நடந்தார்கள். ரத்தப் பை ஒன்றை ஏந்திக்கொண்டு ஒருவர் ஓடினார். வெகுநேரத்துக்குப் பிறகு பெண் டாக்டர் வெளியே வந்து சிங்களத்தில் சொன்னார். நின்றுவிட்டது. ஒரு பை ஏற்றியிருக்கிறோம். உடம்பில் கொஞ்சம் இருந்ததால் பை வரும்வரை தாங்கினாள். ரெண்டு மாதத்துக்கு முந்தின அளவோடு வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சொல்ல முடியாது.

அப்போதுதான் அழகமுத்து எழுந்தார். ஜெயகாந்த் அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

"மாமா, உள்ள வாங்க, பாப்போம்."

"நீ போய்ப் பாரு தம்பி. நான் இந்தா வாறேன்."

ரத்த வங்கி எங்கே என்று கேட்டுக் கேட்டுப் போனார். அங்கிருந்த தாதி வயதைக் கேட்டாள். அறுபதுக்குள்தான் என்றதும் நாற்காலியைக் காட்டினாள். யாருக்காக என்று கேட்டாள்.

"யாருக்குன்னு தெரியாது மிஸ். எம்மகளுக்கு இன்னைக்கி ஒருத்தர் குடுத்தது ஏறியிருக்கு. அவருக்கும் எம்மகளத் தெரிஞ்சிருக்காது."

அவளுக்குத் தமிழ் முழுதும் விளங்கவில்லை. தலையை ஆட்டிவிட்டு விரல் நுனியில் குத்தினாள். சின்னக் குப்பியில் நீலமாக ஒரு தண்ணீர் இருந்தது. சொட்டு அதில் அமிழ்ந்தால் ரத்தத்தில் இரும்பு போதும், மிதந்தால் எடுக்க மாட்டோம் என்று சிங்களத்தில் சொன்னாள்.

வாழ்நாள் முழுவதும் சாயத்தைக் குடித்த உடம்பு. அவர் மூச்சை அடக்கிக்கொண்டு குனிந்து பார்த்தார். சிவப்புச் சொட்டு நீலத்தின் மேல் ஒரு கணம் தயங்கி நின்றது. பிறகு மெதுவாக, உருண்டையாக, கீழே இறங்கத் தொடங்கியது. அது அடியைத் தொடும்வரை பார்த்துவிட்டு அவர் சட்டைக் கையை மடித்துவிட்டார்.