கான்ஸ்டன்ஸின் கைகள்

என் கடையில் மாட்டியிருந்த விலைமதிப்பில்லாத அந்த ஓவியத்துக்கு நானூறு பவுண்டு என்று சீட்டு ஒட்டியிருந்தேன். செல்லோ வாசித்து இங்கிலாந்தையே கிறங்கடித்த கான்ஸ்டன்ஸ் ராத்போன், பச்சைக் கவுனில், வாத்தியத்தை அணைத்தபடி. போன வருஷம் அவள் செத்ததும் படத்துக்கு உயிர் வந்துவிட்டது. மறுநாள் லண்டன் மியூசியத்துக்காரர் வருவதாக இருந்தார்.

அன்றைக்கு லீட்ஸில் நல்ல மழை. குடையை உதறிக்கொண்டு ஒரு வயதான அம்மாள் உள்ளே வந்தாள்.

"நான் அவ தங்கச்சி ஹில்டா. அந்தக் கை என்னோடதுங்க, மிஸ்டர் ஆக்ராய்ட்."

"எந்தக் கை?"

"ரெண்டும்தான். அக்காவுக்கு உட்காரப் பொறுமை ஏது? மூஞ்சிய மட்டும் காட்டிட்டு கச்சேரிக்குப் போயிட்டா. கழுத்துக்குக் கீழ நான். எனக்கு வாசிக்க வராது, பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்தேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. பழத்தை மோந்து பார்த்து 'அழுகல்' என்பவன்தான் அதை வாங்கப்போகிறவன் என்று சந்தையில் என் அப்பா சொல்வார்.

"சரி, எவ்வளவு குறைக்கணும்?"

"ஐயோ, குறைக்காதீங்க. அக்காவுக்கு மரியாதையில்ல."

"பின்ன எதுக்கும்மா சொல்றீங்க?"

அவள் படத்தையே பார்த்தாள். "என்னை யாரும் வரைஞ்சதில்ல. இது ஒண்ணுதான். அதுவும் தலையில்லாம."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "அப்ப வாங்கிக்கிறீங்களா? முந்நூறு?"

"அதெல்லாம் வேண்டவே வேண்டாங்க."

"இருநூறு?"

"உங்களுக்குத் தங்கமான மனசு. வேண்டவே வேண்டாம்."

போகட்டும் என்று டீ போட்டுக் கொடுத்தேன். இன்னொரு கோப்பை ஊற்றட்டுமா என்றேன்.

"வேண்டவே வேண்டாங்க" என்று கோப்பையை நீட்டினாள்.

நான் கெட்டிலும் கையுமாக நின்றேன். எங்கள் ஊரில் டீக்கு 'வேண்டாம்' என்றால் ஊற்று என்று அர்த்தம். படத்துக்கு 'வேண்டாம்' என்றால்? ஐம்பது வருஷம் கடை வைத்தும் எனக்குத் தெரியவில்லை.

"படத்தைக் கட்டி வீட்டுக்கே அனுப்பிடட்டுமா?" என்று மெல்லக் கேட்டுப் பார்த்தேன்.

"உங்களுக்கு எதுக்குங்க சிரமம்" என்றவள் விலாசத்தை எழுதி வைத்தாள். பிறகு கைப்பையிலிருந்து முன்பே மடித்துவைத்த நோட்டுகளை எடுத்தாள். நூறு பவுண்டு.

"தப்பா நினைக்காதீங்க. இது அக்கா மூஞ்சிக்கு. என் கையை நானே எப்படிங்க காசு குடுத்து வாங்குறது?"

நோட்டுகளை எண்ணி முடிப்பதற்குள் குடை தெருவில் இறங்கிவிட்டது. சீட்டைக் கிழித்துவிட்டுக் கணக்கு எழுத உட்கார்ந்தேன்.

முகம் வகையில் வரவு நூறு. கைகள் வகையில் பாக்கி முந்நூறு. யார் பேரில் என்ற இடம் இன்னும் காலி.