ஒத்தக் கூப்பாடு

எங்க வீட்டுக்காரரு அருண்பாண்டி ரெண்டு விஷயத்துல கெட்டிக்காரரு. ஒண்ணு, திராட்சைக்கு மருந்தடிக்கிறது. இன்னொண்ணு, பயப்படுறது. பொழுது மசங்கிட்டா பந்தலுக்குள்ள யாரு பேரச் சொல்லிக் கூப்பிட்டாலும் மூணாவது கூப்பாட்டுக்குத்தேன் ஏன்னு கேக்கணும்பாரு. பேய் ஒத்தக் கூப்பாடுதேன் கூப்பிடுமாம். அதுக்கு ஏன்னு கேட்டுட்டா பின்னாலயே போயிரணுமாம். சுருளிப்பட்டியில பாதிப் பேரு இதத்தேன் சொல்லுவாக. நான் மாரீஸ்வரி, கம்பத்துல நர்சு. செத்தவுகளத் துடைச்சு, கட்டி, சொந்தக்காரவுக கையில ஒப்படைக்கிறவ. எங்கிட்டயா பூச்சாண்டி காட்டுறீக, போங்கய்யான்னு சிரிச்சேன்.

நான் ரெண்டாந்தாரம். மூத்தவ நாகஜோதி, பந்தல்ல கடைசி வரிசைக்கு அந்தப்பக்கம் இருக்கிற கிணத்துல விழுந்து போய்ச் சேந்தா. மோட்டாரப் போடப் போனவ படியில வழுக்கிட்டாளாம். அப்ப அவ மக திரிஷா தவழுற பிள்ள. இப்ப நாலாவது படிக்கிறா. என்னையச் சித்தின்னு கூப்பிடுவா, என் மடியிலதேன் தூங்குவா. பெத்தாத்தேன் பிள்ளையா? எவளாவது அப்பிடிச் சொல்லட்டும், பாப்போம். மூத்தவளுக்கு வருசாவருசம் சேல வச்சுக் கும்பிடுறதும் நாந்தேன்.

வெளிநாட்டு வேலைக்கு ஒரு இங்கிலீஷ் பரீட்சை எழுதணும். ரெண்டு தடவ எழுதி மண்ணக் கவ்வுனேன். நோயாளிகிட்டப் பேசுற இங்கிலீஷ் வருது, பெரிய வார்த்தை வந்தா முழிக்கிறேன். தேனியில கிளாஸ் எடுக்கிற ஈஸ்வரபாண்டி சாரு ஒரு வழி சொன்னாரு. வார்த்தைய ஒண்ணொண்ணா மனப்பாடம் பண்ணாதீக, வேரப் பிடிங்க, கொத்தாக் கையில வரும்னாரு. கொத்துன்னதும் எனக்கு எங்க பந்தல்தேன் ஞாவகம் வந்துச்சு.

வந்து வேலையப் பாத்தேன். ஒரு வரிசைக்கு ஒரு வேர், பந்தலத் தாங்குற ஒரு கல்லுக்காலுக்கு ஒரு வார்த்தை. 'போர்ட்'னா சுமக்குறது. முதக் கல்லு எக்ஸ்போர்ட், அடுத்தது டிரான்ஸ்போர்ட், அதுக்கடுத்தது போர்ட்டபிள். 'ஆடி'ன்னா கேக்குறது. ஆடியன்ஸ், ஆடிபிள், ஆடிட். சாயங்காலம் டூட்டி முடிஞ்சு வந்ததும் நான் வரிசைக்கு இந்த முனையில நிப்பேன், திரிஷா அந்த முனையில நிப்பா. நான் வேரக் கூப்பிடுவேன். அவ ஒரு வார்த்தை சொல்லி ஒரு கல்லு முன்னால வருவா. என்னையத் தொட்டுட்டா அவ ஜெயிச்சா. கூப்பிட்ட உடனே சொல்லணும், யோசிச்சா அவுட்டு.

"அப்பா மூணு தடவ கூப்பிட்டாத்தேன் ஏன்னு கேக்கணும்னாகளே சித்தி?"

"அது பேருக்குடி. இது இங்கிலீஷு. நம்ம ஊருப் பேய்க்கு இங்கிலீஷ் எங்க தெரியும்?"

சொல்லிட்டு ரெண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரிச்சோம். அடியேய் மாரீஸ்வரி, உன் வாயில கொள்ளியத்தேன் வைக்கணும்!

ஒரே ஒரு வேர மட்டும் நான் அவளுக்குச் சொல்லிக் குடுக்கல. குடும்பம்ங்கிற பாடத்துல வரும், 'மேட்ரி'. அப்பிடின்னா அம்மா. மேட்ரிமோனி, மேட்ரன், மேட்ரியார்க். அதத் தாயில்லாப் பிள்ளைகிட்ட எந்த வாயால சொல்றது? அவ பள்ளிக்கூடம் போன நேரத்துல, கிணத்தடி வரிசையில நான் மட்டும் நடந்து நடந்து சொல்லிப் பாத்துக்கிட்டேன்.

பரீட்சைக்குப் பணங்கட்டுன அன்னைக்குப் பந்தலுக்குள்ளயே வச்சு அவகிட்டச் சொன்னேன். சித்தி பாஸாயிட்டா முதல்ல தனியாத்தேன் போகணும், அப்புறம் உன்னையக் கூட்டிக்கிருவேன்னேன். பிள்ள கல்லுக்காலக் கட்டிக்கிட்டு ஏங்கி ஏங்கி அழுதா. காத்தே இல்ல, ஆனா பந்தல்ல எல இந்த முனையில இருந்து கிணத்தடி வரைக்கும் சலசலன்னு அசைஞ்சுச்சு. அணிலா இருக்கும்னு நெனச்சேன்.

கொஞ்ச நாள்ல ஒரு சாயங்காலம், நான் வந்த பஸ்ஸு ரோட்டுல பஞ்சராகி நின்னுருச்சு. வீட்டுக்கு வந்தா இவரு மோட்டார் ரிப்பேருன்னு கம்பம் போயிருந்தாரு, பிள்ளையக் காணோம். பந்தலுக்குள்ள நுழைஞ்சேன். மசங்கலாயிருச்சு, எலைக்குக் கீழ இருட்டு இறங்கிருச்சு.

"மேட்ரி!"

கிணத்தடியில இருந்து வந்துச்சு. என் குரலு. என்னைய மாதிரியே கடைசியில கொஞ்சம் இழுத்து, நான் டூட்டியில இருந்து வந்த களைப்போட.

"மேட்ரிமோனி!" திரிஷா கத்துனா. அவ காலடிச் சத்தம் ஒரு கல்லு தள்ளிப் போச்சு.

"மேட்ரி!"

"மேட்ரன்!" இன்னும் ஒரு கல்லு.

இந்தப் பிள்ளைக்கு இத யாரு சொல்லிக் குடுத்தது? நான் இந்த வேர வாய்விட்டுச் சொன்னது அந்தக் கிணத்தடியில மட்டுந்தேன். இத்தன நாளா நாங்க படிக்கிறப்ப, மூணாவதா ஒருத்தியும் கூடவே உக்காந்து படிச்சு, இதப் பிள்ளைக்கும் சொல்லிக் குடுத்திருக்கா.

"திரிஷா!"

பதில் இல்ல. பிள்ள அப்பா சொன்னத மீறல. பேருக்கு மூணு.

"திரிஷா!" நான் ஓடிக்கிட்டே கத்துறேன்.

"மேட்ரி!"

"மேட்ரியார்க்!" கிணத்து மேட்டுல சரளை சரியுற சத்தம் கேட்டுச்சு.

சுருளியாண்டவா, ஒரே ஒரு கூப்பாட்டுக்கு மூச்சக் குடுன்னு கும்பிட்டுக் கத்துனேன். "திரிஷா!"

"ஏன் சித்தி?" கிணத்து முதப் படியில நின்னு திரும்பிப் பாத்தா. "நீ கிணத்துக்குள்ள கீழதேன நின்ன? அங்கன எப்ப போன?"

பாஞ்சு அள்ளுனேன். அவ நெஞ்சு குருவி மாதிரி அடிக்குது. என் நெஞ்சும்தேன். அப்ப கிணத்துக்குள்ள இருந்து மறுபடியும் அதே குரலு. இந்தத் தடவ மெதுவா, கெஞ்சுற மாதிரி.

"மேட்ரி..."

பிள்ள வாயத் திறந்தா. பழக்குனது யாரு, நாந்தேன? அவ வாயப் பொத்திக்கிட்டு நான் சொன்னேன்: "மெட்டர்னிட்டி." சொல்லிட்டு, "அக்கா, பிள்ளைய விட்டுரு"ன்னு தேம்பித் தேம்பி அழுதேன். தண்ணி ஒருதரம் அலம்புச்சு. அப்புறம் சத்தமில்ல.

மறுநாளும் கூப்பிட்டுச்சு. நான் வாயத் திறக்காம இருந்து பாத்தேன். அடுத்த நாள் வீட்டுத் தொழுவத்துக்கிட்ட இருந்து வந்துச்சு. அதுக்கடுத்த நாள் கொல்லக் கதவுக்கு வெளிய. அடுப்படியில நிக்கிறேன், என் குரலு கதவுக்கு அந்தப்பக்கம் கூப்பிடுது. உள்ள படிச்சுக்கிட்டிருந்த பிள்ள விருட்டுன்னு தலையத் தூக்குறா. எங்க வீட்டுக்காரரு சோத்துத் தட்டோட என்னையப் பாத்தாரு, கதவப் பாத்தாரு. நான் ஓடிப்போயி பதிலச் சொன்னேன்.

அதுல இருந்து பகல் டூட்டி மட்டுந்தேன் பாக்குறேன். மசங்குறதுக்கு முன்னால கிணத்தடிக்குப் போயிருவேன். அவ கூப்பிடுவா, நான் சொல்லுவேன். நான் படிக்காத வேரும் இப்பக் கேக்குறா. எங்க படிச்சாளோ, எனக்குத் தெரியாது. தெரியாட்டி ராத்திரி போன்ல தேடி மனப்பாடம் பண்ணிக்கிறேன்.

ஈஸ்வரபாண்டி சாரு போன வாரம் மாதிரித் தேர்வு வச்சாரு. அசந்துட்டாரு. "மாரீஸ்வரி, இத்தன பேர்ல நீங்கதான் முதல். இனி யாரும் உங்களத் தடுக்க முடியாது, போய்ட்டு வாங்க"ன்னாரு.

சரி சாருன்னேன். வேற என்னத்தச் சொல்ல? நான் போயிட்டா, அந்த ஒத்தக் கூப்பாட்டுக்குப் பதில் சொல்லத் தெரிஞ்சவ இந்த வீட்டுல திரிஷா ஒருத்திதேன்.