அத்திவேர் மேல விழுந்த பழி

கதிரவன் கடலுக்குள்ள இறங்கலாமா வேண்டாமான்னு தயங்கி நிக்கிற மாலைப் பொழுதுல, துறைமுகத்துல கட்டிக் கிடக்குற கப்பலுங்க எல்லாம் பொன் பூசிக்கிட்டு மெல்ல ஆட, உப்புக்காத்து படிக்கட்டுத் தெருவ ஒவ்வொரு படியா ஏறி மூச்சு வாங்கிக்கிட்டு மேல வர, ஒண்ணு தோள்ல ஒண்ணு சாஞ்சு உறங்குற பிள்ளைங்க மாதிரி மலையில அடுக்கடுக்கா ஒண்டி நிக்குது பாருங்க, அந்த வீடுங்கள்ல உச்சி வீட்டுக்குத்தான் உங்கள இப்போ கூட்டிட்டுப் போறேன், படிச்சுச் சுவைக்கத் தெரிஞ்சவங்களே.

அந்த வீட்டுக்கு மூணு பக்கம்தான் கட்டின சுவர். நாலாவது, அடுக்களையோட பின்சுவர், மலைப்பாறையேதான். வெயில் காய்ச்சி, பனி நடுங்க வெச்சு, மழை நாக்கால நக்கி நக்கி, மனுசன் பேசக் கத்துக்கிறதுக்கு முன்னாடியிருந்தே துளித்துளியா இளகிக்கிட்டு வர்ற பாறை. மழைக்காலத்துக்கு முன்னாடி ஆண்டுக்கு ஒரு தடவை வீட்டு ஆம்பளைங்க அதுக்குச் சுண்ணாம்பு அடிப்பாங்க. கூரைக்கு மேல, அதே பாறையோட விளிம்புல, ஒரு அத்திமரம். ஒன்பது ஆண்டுக்கு முன்னாடி இளைய மருமகளா இந்த வீட்டுக்குள்ள வந்தவ, வந்த கையோட ஒரு கொம்ப நட்டு, தண்ணி சுமந்து ஊத்தி வளர்த்த மரம்.

அன்னைக்கு மதியம், யாரும் தொடாமலே அந்தப் பின்சுவர்ல இருந்து தட்டு அகலத்துக்குச் சுண்ணாம்பு பேந்து, கொதிக்கிற குழம்புக்குள்ள தொப்புன்னு விழுந்துச்சு. பேந்த இடத்துல, கூரையில இருந்து அடுப்பு வரைக்கும் ஒரு வெடிப்பு. வெடிப்புக்குள்ள, வந்த விருந்தாளி எட்டிப் பாக்குற மாதிரி, சுண்டுவிரல் கனத்துல ஒரு அத்திவேர். போதாதா? பொழுது சாயுறதுக்குள்ள வீட்டு மூத்தவர், அந்த மருமகளோட புருசனுக்கு அண்ணன், ரம்பக்காரர் ஒருத்தர கையோட கூட்டிட்டு வந்துட்டாரு. வாசல்ல நின்னு தெருவே கேக்குற மாதிரி கத்தவும் செஞ்சாரு.

"வீட்டையே பொளந்துட்டா, பாத்துக்கோங்க." அப்புறம் உள்ள வந்து, "ரெண்டுல ஒண்ணு சொல்லு. மரம் போகணும், இல்ல நீ பெட்டியத் தூக்கிட்டுக் கிளம்பணும். தம்பி கப்பல விட்டு இறங்கட்டும், நான் பேசிக்கிறேன்."

இவ யாருன்னு நெனைச்சீங்க? கப்பல் பட்டறையில பழைய வண்ணம் சுரண்டுறவ. எந்தக் கப்பல் எத்தனை தடவை வேசம் மாத்துச்சுன்னு பூச்சோட ஓரத்தப் பார்த்தே சொல்றவ. இடுப்புல செருகியிருந்த சுரண்டுற கத்திய மெதுவா உருவினா.

"இருங்க அத்தான். பழிய என் தலையில கட்டுறதுக்கு முன்னாடி பாறைய ஒரு வார்த்தை கேட்டுருவோம்."

"பாறை பேசுமாம்மா?"ன்னாரு ரம்பக்காரர். "எங்க வீட்டுல எனக்கே பேச வாய்ப்புக் கிடைக்கிறதில்ல."

அவ வெடிப்போட உதட்டுல இருந்து ஒரு சுண்ணாம்புச் சில்ல நோகாம நெம்பி எடுத்து, ஈரக்கல்லுல உரசி, சன்னல் வெளிச்சத்துல பிடிச்சா. அடுக்கடுக்கா மெல்லிசு மெல்லிசாக் கோடுங்க.

"இப்போ பொளந்த பாறைன்னா பூச்சு ஓரத்துல ஒடிஞ்சு நிக்கணும். இது எல்லாமே வளைஞ்சு வெடிப்புக்குள்ள போகுது பாருங்க. வெடிப்பு முன்னாடியே இருந்திருக்கு, அதுக்குள்ளயும் சேர்த்து அடிச்சிருக்கீங்க. எண்ணுங்க."

எண்ணினாங்க. ஒன்பதுல நிறுத்தி, "என் மரத்து வயசு இவ்வளவுதான்"ன்னா. கோடு நிக்கல. இருபத்தாறுல திடீர்னு ஒரு பச்சை; அதுக்குக் கீழயும் வெள்ளைக் கோடுங்க, அதுவும் உள்ள வளைஞ்சு.

அதுவரைக்கும் வெங்காயம் உரிச்சுக்கிட்டிருந்த மாமியார் எட்டிப் பார்த்தாங்க. "டேய், இது உன் கல்யாணத்துக்கு நீயே அடிச்ச பச்சைதானே? கிளிக்கூண்டு மாதிரி ஆக்கிட்டான்னு உங்கப்பா தலையில அடிச்சுக்கிட்டாரே."

மூத்தவர் முகம் சுண்டிப் போச்சு. "சரி, பழைய வெடிப்புன்னே வெச்சுக்க. இப்போ வெட்டிட்டா நல்லதுதானே?"

"வெட்டினா வேர் உள்ளயே அழுகும். அந்தத் தடத்துல மழைத் தண்ணி இறங்கும். அப்போதான் வீட்டுக்கு ஆபத்து. வேர் பாறையப் பொளக்காதுன்னு நான் சொல்லல அத்தான், பொளக்கும். இந்தப் பாறை கனத்துக்கு நூறு வருசத்துக்குக் குறையாது. அப்போ வந்து கேளுங்க, நானே கிளம்புறேன்."

ரம்பக்காரர் ரம்பத்தச் சாக்குக்குள்ள திரும்ப நுழைச்சாரு.

அவ அதோட விடல. உள்ள போய்த் தன் பெட்டியத் தூக்கிட்டு வந்து, வாசப்படிய அடைச்சு வெச்சு, அது மேல உக்காந்தா. "நான் பொளந்துட்டேன்னு தெரு கேக்கச் சொன்னீங்க. இல்லைன்னும் தெரு கேக்கச் சொல்லுங்க. அதுவரைக்கும் எந்திரிக்க மாட்டேன்."

மூத்தவர் கடலப் பார்த்தாரு, கூரையப் பார்த்தாரு, அம்மாவப் பார்த்தாரு. அவங்க வெங்காயத்துலேயே கண்ணா இருந்தாங்க. கடைசியில மெல்ல முனகினாரு: "அவ பொளக்கல."

"கீழ் வீட்டுக்குக் கேக்கல அத்தான்."

கல்லு இளக எத்தனை ஆண்டுன்னு கேட்டா, வெயிலும் பனியும் மழையும் வேரும் சேர்ந்து, மனுசன் விரல்ல அடங்காத ஒரு கணக்கச் சொல்லும். அதுங்க கத்துறதில்ல, அவசரப்படுறதில்ல. மயிரிழை அளவு இடம் கிடைச்சா நுழையும், நுழைஞ்ச இடத்த விட்டு ஒரு நாளும் பின்வாங்காது. மனுசன் நெஞ்சு பாறையவிடக் கடினம்னு சொல்றவங்க சொல்லட்டும். கடல் கடைசி வெளிச்சத்த விழுங்குறதுக்குள்ள அவர் தெருவப் பார்த்து நின்னு, கீழ இருக்குற ஏழு வீட்டுக்கும் கேக்குற மாதிரி, அந்த ரெண்டு சொல்லையும் உரக்கச் சொன்னாரு.